தென்மாநிலப் பூந்தோட்டமும் சுதேச மரங்களும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

'தோட்டம்' என்னும் சொல் ஈழத்துத் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட வாழ்க்கைகளைச் சுட்டி நிற்கின்றது. வீட்டின் முன்னே மல்லிகையும் செவ்வரத்தையும் பூத்து நிற்கும் சிறுநிலமும் தோட்டம். யாழ்ப்பாணத்துக் கமக்காரன் புகையிலையும் வெங்காயமும் செய்யும் தறையும் தோட்டம். மலையகத்திலே கொழுந்து பறிப்போர் தலைமுறை தலைமுறையாக லயன்களில் வாழ்ந்துவரும் பெருநிலமும் தோட்டமே. ஆங்கிலமோ, கண்ணுக்கு இனிய பூந்தோட்டத்தை ஒரு சொல்லாலும், இலாபத்துக்காகப் பிறர் உழைப்பில் நடத்தப்படும் பெருந்தோட்டத்தை வேறொரு சொல்லாலும் குறித்துவிடுகின்றது. சொற்கள் பிரிந்து நிற்பதனால் அவற்றின் வரலாறுகளும் பிரிந்தவை என எண்ணிவிடுதல் எளிது. அவை எத்துணை நெருங்கிப் பிணைந்தவை என்பதை, ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களிலுள்ள பூந்தோட்டங்களையும் அவற்றுக்கு அழகு சேர்க்கும் சுதேச மரங்களையும் கொண்டு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அழகை மறுப்பது எமது கருத்தன்று. தென்மாநிலங்களின் மரங்களும் மலர்களும் உண்மையில் அழகியவை. அவ்வழகைப் பேணியோர் யாவர், அதனை உரிமை கொண்டாடியோர் யாவர், அதன் நிழலில் அச்சத்துடன் வாழ்ந்தோர் யாவர் என்னும் வினாக்களை எழுப்பாது அதனைப் புகழ்வதே வரலாற்றுக்கு முரணானது.

1. மரங்களும் மலர்களும்

வேர்ஜீனியாவிலிருந்து லூசியானா வரை பரந்து கிடக்கும் அந்நிலப்பகுதியில் இளவேனில் படிப்படியாக வருகின்றது. முதலில் முகங்காட்டுவது 'ரெட்பட்' எனப்படும் சிறுமரம். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மரம், இலை துளிர்க்கு முன்னரே, வெறுங்கிளைகளிலும் சிலவேளை அடிமரத்திலுங்கூட, ஊதா கலந்த செந்நிறப் பூக்களைக் கொத்துக் கொத்தாக ஈனும். பலா அடிமரத்திற் காய்ப்பதைக் கண்டு பழகிய எமக்கு, அடிமரத்திற் பூக்கும் இம்மரத்தை மனக்கண்ணிற் காணுதல் அரிதன்று.

அதனைத் தொடர்ந்து 'டொக்வுட்' மலர்கின்றது. காட்டோரங்களில், ஓங்கிய மரங்களின் கீழ் வளரும் இச்சிறுமரம் பூக்கும் காலத்தில், கிளைகள் தோறும் வெண்மை அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். எனினும் வெள்ளிதழ்கள் எனத் தோன்றும் அந்நான்கும் உண்மையில் இதழ்களல்ல, அவை பூவடியிலைகள். உண்மையான பூக்கள் நடுவே பசுமஞ்சள் நிறத்திற் சிறுத்துக் கிடக்கின்றன. எம்மூர்க் கடதாசிப்பூவின் நிறமும் இவ்வாறே பூவடியிலைகளின் நிறம் என்பது தாவரவியல் மாணவர் அறிந்ததே. டொக்வுட்டின் மரம் மிக வன்மையானது, தேயாதது. ஆதலின் நெசவாலைகளில் தறிநாடா செய்வதற்கு அது பெரிதும் வேண்டப்பட்டது. பருத்திப் பொருளாதாரம் இம்மென்மலர் மரத்தையும் தன்னுள் ஈர்த்துக்கொண்டது.

வேனில் நெருங்கும்போது மக்னோலியா மலர்கின்றது. தடித்த, பளபளக்கும் இலைகள். அவற்றின் கீழ்ப்புறம் துருவின் நிறம். இலைகளிடையே ஓர் அடி அகலம் வரை விரியும் வெண்மலர். எலுமிச்சையின் வாசத்தை நினைவூட்டும் கனத்த மணம். இம்மரம் எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நாம் செண்பகம் என்றும் சிங்கள மக்கள் சப்பு என்றும் வழங்கும் மரம், தாவரவியலார் 'சாதி' எனக் கொள்ளும் பகுப்பில், இன்று மக்னோலியாவுடன் ஒன்றாகவே வைக்கப்பட்டுள்ளது. இம்மலர்க்குடும்பம் மிகத் தொன்மையானது. தேனீக்கள் உலகிற் பெருகுமுன்னரே வண்டினங்களின் உதவியால் மகரந்தச்சேர்க்கை நிகழ்த்தப் பழகிய குடும்பம் இது என அறிஞர் கருதுவர்.

இவற்றுக்கெல்லாம் மேலாகக் குடைவிரித்து நிற்பது, மாரியிலும் இலையுதிர்த்து வெறுமையாகாத 'லைவ் ஓக்' மரம். கிளைகள் நிலத்தை நோக்கி வளைந்து நெடுந்தூரம் படர்வன. அவற்றிலிருந்து நரைமுடிபோல் தொங்கும் 'ஸ்பானியப் பாசி' பாசியுமன்று, ஒட்டுண்ணியுமன்று. அது அன்னாசிக் குடும்பத்துத் தாவரம். 1797 இல் வெள்ளோட்டம் விடப்பட்ட 'கொன்ஸ்ரிரியூஷன்' என்னும் போர்க்கப்பலின் உறுதியான உடற்சட்டம் ஜோர்ஜியாத் தீவொன்றில் வெட்டப்பட்ட இம்மரத்தால் ஆனது.

2. பெயர் சூட்டலும் நிலம் பறித்தலும்

இம்மரங்களைச் 'சுதேச மரங்கள்' என்கிறோம். அவை சுதேசமாயிருந்த நிலத்தின் சுதேசிகள் யாவர்? செரோக்கி, மஸ்கோகி, சொக்ரோ முதலிய மக்கள் இம்மரங்களை உணவாகவும் மருந்தாகவும் சாயமாகவும் அறிந்திருந்தனர். கட்டால்பா, டுப்பெலோ ஆகிய மரப்பெயர்கள் மஸ்கோகியரின் மொழியிலிருந்து வந்தவை. பிக்கான் என்பதும் பூர்வீகக் குடிகளின் மொழியொன்றிலிருந்து வந்த பெயரே. பின்வந்த ஐரோப்பிய அறிஞர்கள் அவற்றுக்கு இலத்தீன் பெயர்களைச் சூட்டினர். மக்னோலியா என்னும் பெயர் பிரான்சின் மொன்பெலியே நகரத்துத் தாவரவியலாளரான பியர் மஞ்ஞொலின் நினைவாக இடப்பட்டது. அவர் அம்மரம் வளர்ந்த தென்னிலத்தை ஒருபோதும் மிதித்தவரல்லர்.

பெயர் சூட்டும் இவ்வரலாற்றிலே பிராங்கிளினியாவின் கதை தனித்து நோக்கற்பாலது. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜோன் பார்ட்ரம் 1765 இல் ஆங்கில அரசனின் தாவரவியலாளராக நியமனம் பெற்று, தம் மகன் வில்லியத்துடன் தெற்கே பயணஞ் செய்தார். அவ்வாண்டு ஒக்டோபரில் ஜோர்ஜியாவின் ஒல்ற்றமஹா ஆற்றங்கரையில் முன்பின் அறியாத ஒரு சிறுமரத் தோப்பை அவர்கள் கண்டனர். சில ஆண்டுகளின் பின்னர் மீண்டும் அவ்விடஞ் சென்ற வில்லியம் அதன் விதைகளைச் சேகரித்துப் பிலடெல்பியாவில் வளர்த்தார். பெஞ்சமின் பிராங்கிளினின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1803 இன் பின்னர் அம்மரத்தைக் காட்டில் உறுதியாகக் கண்டோர் எவருமிலர். இன்று உலகிலுள்ள பிராங்கிளினியா மரங்கள் யாவும் பார்ட்ரம் குடும்பத்தினர் பேணிய விதைகளின் வழிவந்தவை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. பருத்திச் செய்கையுடன் மண்ணிற் பரவிய நோயொன்றே அதன் அழிவுக்குக் காரணம் என்பாருமுளர். அது முடிந்த முடிபன்று. கோடையின் இறுதியில் பூக்கும் அதன் மலர் வெண்ணிதழ்களும் நடுவே மஞ்சள் மகரந்தக் கேசரங்களும் கொண்டது. தேயிலைப் பூவைக் கண்டவர் இச்சாயலை உடனே இனங்கண்டு கொள்வர். வியப்பில்லை, பிராங்கிளினியா தேயிலைக் குடும்பத்தைச் சேர்ந்த மரமாகும்.

ஓர் இனத்தை அழிவினின்று காத்த இப்பணி போற்றுதற்குரியது. ஆயினும், அதே வில்லியம் பார்ட்ரம் 1766 இல் புளோரிடாவின் சென் ஜோன்ஸ் ஆற்றங்கரையில் சொந்தமாகப் பயிர்செய்ய முற்பட்டபோது, தந்தை வாங்கிக் கொடுத்த அடிமைகள் அறுவரை உடன் வைத்திருந்தார் என்பதும் மறக்கற்பாலதன்று. அம்முயற்சி விரைவிலே தோற்றது. 1791 இல் வெளிவந்த அவரது பயண நூல் தென்னிலத்தின் மரங்களையும் பூர்வீகக் குடிகளையும் பரிவுடன் சித்திரிக்கின்றது. அந்நூல் வெளிவந்து நாற்பது ஆண்டுகள் நிறைவதற்குள், 1830 இல், பூர்வீகக் குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அகற்றும் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 1838 இல் செரோக்கி மக்கள் படைவலிமையால் தங்கள் மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டனர். வழியிலே ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மரங்களின் பெயர்களில் அவர்தம் மொழி எஞ்சியது, நிலம் பருத்திக்குரியதாயிற்று.

3. அழகின் பின்னாலிருந்த உழைப்பு

தென் கரோலினாவில், ஆஷ்லி ஆற்றங்கரையில் அமைந்துள்ள மிடில்டன் பிளேஸ், ஐக்கிய அமெரிக்காவில் இன்றும் எஞ்சியுள்ள ஒழுங்கமைந்த பூந்தோட்டங்களுள் மிகப் பழையதாகக் கொள்ளப்படுகின்றது. நெற்செய்கையாற் பெருஞ் செல்வம் ஈட்டிய ஹென்றி மிடில்டன் 1741 இல் இதன் அமைப்பைத் தொடங்கினார். ஆற்றை நோக்கிப் படிப்படியாக இறங்கும் புற்றரைத் தட்டுகளையும், வண்ணத்துப்பூச்சியின் சிறகு வடிவில் வெட்டப்பட்ட இரு குளங்களையும் ஆக்குவதற்கு நூறு அடிமைகள் ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்தனர் என்பது அவ்விடத்தின் மரபுவழிச் செய்தி. அத்தட்டுகளின் வடிவம் ஐரோப்பியப் பிரபுக்களின் தோட்டக்கலையைப் பின்பற்றியது. ஆயின் மண்ணை வெட்டிச் சுமந்து, நீரைத் தேக்கி, மடை கட்டியோர் ஆபிரிக்கர். மேற்கு ஆபிரிக்க நெற்செய்கையின் அறிவு கரோலினாவின் தாழ்நிலங்களை வயலாக்குவதில் ஆற்றிய பங்கினை அண்மைக்கால ஆய்வாளர் பலர் வற்புறுத்தியுள்ளனர். வயலில் அணைகட்டிய அறிவும் கைகளும், பூந்தோட்டத்துக் குளத்தையும் ஆக்கின எனக் கொள்ளுதல் தவறாகாது.

இத்தகைய தோட்டங்கள் சுதேச மரங்களுடன் கீழைத்தேய மலர்களையும் வேண்டி நின்றன. பிரெஞ்சுத் தாவரவியலாளரான அந்திரே மிஷோ 1780களின் பிற்பகுதியில் சார்ல்ஸ்ரனுக்கு அருகே தோட்டமொன்றை அமைத்தார். கமீலியா மலரைத் தென்மாநிலத் தோட்டங்களில் அறிமுகஞ் செய்தவர் அவரே என்பர். அசேலியா, கிரேப் மேர்ட்டில் முதலியனவும் ஆசியாவிலிருந்து வந்தவை. இன்று 'தென்மாநிலப் பூந்தோட்டம்' என்றவுடன் பலரின் மனத்தில் எழும் வண்ணக்காட்சியிற் பெரும்பகுதி இவ்வாறு கப்பலேறி வந்தது. வந்த மலர்களும், நின்ற மரங்களும், விலைக்கு வாங்கப்பட்ட மனிதரும் ஒரே வாணிப வலைப்பின்னலில் இணைந்திருந்தனர்.

லூசியானாவின் ஓக் அலி பெருந்தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். மிசிசிப்பி ஆற்றுக்கும் மாளிகைக்கும் இடையே இருமருங்கும் பதினான்கு பதினான்காக 28 லைவ் ஓக் மரங்கள் கிளை கோத்து நிற்கின்றன. மாளிகை 1837 - 1839 காலப்பகுதியில் அடிமைகளின் உழைப்பாற் கட்டப்பட்டது. மரங்கள் அதனினும் மூத்தவை. இக்காட்சி எண்ணிறந்த ஓவியங்களிலும் புகைப்படங்களிலும் இடம்பெற்றுள்ளது. அங்கே வாழ்ந்த அந்துவான் என்பவரை அறிந்தோர் அத்துணைப் பலரல்லர்.

பிக்கான் தென்னிலத்தின் சுதேச மரம். அதன் விதையை நட்டால் தாய்மரத்தின் குணம் மாறாது கன்றில் வருமென்பது உறுதியன்று, ஒட்டுமுறையே வழி. அயலிலிருந்த மருத்துவர் ஒருவர் சிறந்த மரமொன்றின் கிளையை ஒட்ட முயன்று தோற்றார். பின்னர் அவ்வேலை ஓக் அலியில் அடிமையாயிருந்த தோட்டக்காரரான அந்துவானிடம் ஒப்படைக்கப்பட்டது. 1846 - 47 மாரியில் அவர் பதினாறு மரங்களில் வெற்றிகரமாக ஒட்டினார். பெருமளவிற் பிக்கான் பயிரிடும் முறைக்கு இதுவே அடிகோலியது. 1876 இற் பிலடெல்பியாவில் நடைபெற்ற நூற்றாண்டுக் கண்காட்சியில் அவ்வினம் பரிசு பெற்றது; 'சென்ரேனியல்', அதாவது நூற்றாண்டு, என்னும் பெயரும் பெற்றது. பெயர் கண்காட்சிக்குரியதாயிற்று, ஒட்டியவருக்குரியதாகவில்லை. அந்துவானைப் பற்றி எஞ்சியுள்ள முதன்மையான ஆவணம் 1848 இற் பெருந்தோட்ட உரிமையாளரின் மறைவின் பின் எழுதப்பட்ட சொத்துப்பட்டியல். வயது 38, தோட்டக்காரர், பிக்கான் மரம் ஒட்டுவதில் வல்லவர், மதிப்பு ஆயிரம் டொலர் என அது குறிக்கின்றது. குடும்பப் பெயர் இல்லை, விலை இருக்கின்றது.

4. நினைவும் அச்சமும்

உள்நாட்டுப் போர் 1865 இல் முடிவுற்று அடிமைமுறை ஒழிந்த பின்னர், பூந்தோட்டம் புதியதொரு கருத்தியற் பணியை ஏற்றது. தோல்வியுற்ற தோட்ட முதலாளிகளின் வழித்தோன்றல்கள், கடந்துபோன காலத்தை நிலவொளியும் மக்னோலியா மணமும் நிறைந்த பொற்காலமாகச் சித்திரித்தனர். மிசிசிப்பியின் நாச்செஸ் நகரில் 1932 முதல் வசந்தந்தோறும் நடைபெற்ற தோட்ட யாத்திரைகளில், வெள்ளையினப் பெண்கள் பழங்கால உடையணிந்து பயணிகளுக்கு மாளிகைகளைச் சுற்றிக்காட்டினர். அக்காட்சியில் அடிமை இருந்தால், அவர் சிரித்த முகத்துடன் பணிசெய்பவராகவே இருந்தார். 1939 இல் வெளிவந்த 'கோன் வித் த விண்ட்' என்னும் திரைப்படம் இக்கற்பனையை உலகெங்கும் பரப்பியது.

அதே 1939 இற்றான் கறுப்பினப் பாடகி பிலி ஹொலிடே 'ஸ்ரேன்ஞ் புரூட்' என்னும் பாடலை இசைத்தட்டிற் பதிவு செய்தார். ஏபெல் மீரப்போல் என்ற ஆசிரியர் எழுதிய அப்பாடல், மரக்கிளையில் தூக்கிக் கொல்லப்பட்ட மனிதரைக் கனியாக உருவகிக்கின்றது. மக்னோலியாவின் இன்மணத்தையும் கொலையின் கொடுமையையும் அருகருகே நிறுத்துகின்றது. இது வெறும் அலங்காரமன்று. 1877 முதல் 1950 வரையான காலத்தில் 4,400 இற்கு மேற்பட்ட கறுப்பின மக்கள் இவ்வாறு கும்பற் கொலைக்கு இரையானதை அலபாமாவின் மொன்கொமரி நகரில் இயங்கும் சமநீதி முன்னெடுப்பு அமைப்பினர் ஆவணப்படுத்தியுள்ளனர். அவர்களுக்கான நினைவகத்தை 2018 இல் அங்கு திறந்தனர். ஒருவர் கண்ணுக்கு நிழல்தரும் மரம் மற்றொருவர் கண்ணுக்குத் தூக்குமரமாய்த் தோன்றுமாயின், அவ்விருவரும் ஒரே அழகைக் காண்கிறார்கள் எனக் கூறுதல் பொருந்தாது.

எனினும் ஒடுக்கப்பட்டோர் மரங்களை ஒடுக்குவோரிடம் விட்டுவிடவில்லை என்பதே இவ்வரலாற்றின் மிக முக்கியமான பகுதியென நாம் கருதுகிறோம். வேர்ஜீனியாவின் ஹம்டன் நகரில் ஒரு லைவ் ஓக் மரம் நிற்கின்றது. கறுப்பின மக்களுக்கு எழுத்தறிவித்தலை வேர்ஜீனியச் சட்டம் தடைசெய்திருந்த காலம் அது. போரின்போது வடபுலப் படைகளிடம் அடைக்கலம் புகுந்தோருக்கு, 1861 இல் மேரி பீக் என்னும் கறுப்பினப் பெண் அம்மரத்தின் கீழ் எழுத்தறிவித்தார். 1863 இல் ஆபிரகாம் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் அங்கே கூடியிருந்தோருக்கு வாசிக்கப்பட்டது. 'விடுதலை ஓக்' எனப் பெயர்பெற்ற அம்மரம் இன்று ஹம்டன் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ளது. திண்ணைப் பள்ளியையும் மரநிழற் பள்ளியையும் அறிந்த எமக்கு அதன் பொருள் விளக்க வேண்டுவதன்று.

விடுதலை பெற்றோரின் சிறுவீடுகளைச் சூழவும் தோட்டங்கள் எழுந்தன. அவை புற்றரை கொண்டவையல்ல. முற்றம் புல்லின்றி, மண் தெரியக் கூட்டப்பட்டிருக்கும். ஓரங்களில் பூச்செடிகளும், நிழலுக்குச் சுதேச மரங்களும் நிற்கும். டொக்வுட் முதலியவற்றின் சுள்ளிகளைக் கட்டி அம்முற்றத்தைக் கூட்டினர். பாம்பும் தீயும் அணுகாதிருக்க உதவிய இவ்வழக்கத்தின் வேர்கள் ஆபிரிக்காவில் உள்ளன என்பர் ஆய்வாளர் சிலர். காலையிலே ஈர்க்குமாறின் கோடுகள் படிந்த யாழ்ப்பாணத்து முற்றத்தைக் கண்டோர்க்கு இக்காட்சி அணுக்கமானது. ஜோர்ஜியாவில் குத்தகைக் கமக்காரக் குடும்பமொன்றிற் பிறந்த எழுத்தாளர் அலிஸ் வோக்கர், 1974 இல் எழுதிய கட்டுரையொன்றில், வயலிலும் வீட்டிலும் ஓய்வின்றி உழைத்த தம் தாய், குடிபெயர்ந்த ஒவ்வொரு குடிசையைச் சுற்றியும் வளர்த்த மலர்களைக் கலைப்படைப்பாகவே மதிப்பிட்டார். எழுதவும் வரையவும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பெண்கள் தம் கலையை எங்கே வைத்தனர் என்னும் வினாவுக்கு அவர் கண்ட விடைகளுள் ஒன்று பூந்தோட்டம்.

5. சுதேச மரங்களின் மீள்வரவு

சுதேச மரங்கள் பற்றிய அறிவுபூர்வமான அக்கறை 20 ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. வட கரோலினாவைச் சேர்ந்த எலிசபெத் லோரன்ஸ் 1942 இல் வெளியிட்ட தென்மாநிலப் பூந்தோட்டம் பற்றிய நூல், தம் சொந்தத் தோட்டத்திற் பூத்த நாட்களைக் குறித்துவைத்த நுண்ணிய அவதானத்தால் இன்றும் பயிலப்படுகின்றது. அதற்கு முன்பே, கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் 1898 இற் பட்டம் பெற்ற கறுப்பினத்தவரான டேவிட் வில்லிஸ்ரன், அலபாமாவின் டஸ்கீகி கல்லூரி வளாகத்தை வடிவமைக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். முன்னவரின் பெயர் தோட்டக்கலை நூல்களிற் பரவலாக வழங்குவதும் பின்னவரின் பெயர் அரிதாகவே வழங்குவதும் தற்செயலல்ல.

அயல்நாட்டுத் தாவரங்களால் விளைந்த கேடுகளும் சுதேச மரங்களின் மதிப்பை உணர்த்தின. அந்துவானின் பிக்கான் பரிசு பெற்ற 1876 ஆம் ஆண்டுக் கண்காட்சியிலேயே யப்பானியக் கொடியான குட்சு அமெரிக்க மக்களுக்கு அறிமுகமாயிற்று. பருத்தி உறிஞ்சிக் கெடுத்த மண்ணை அரிப்பினின்று காப்பதற்கென 1930களில் அரசே அதனைப் பெருமளவில் நடுவித்தது. பின்னர் அது காடுகளையே மூடிப் படர்ந்தது. சீனாவைத் தாயகமாகக் கொண்ட பிராட்போட் பேரி மரத்தின் விற்பனையைத் தென் கரோலினா 2024 ஒக்டோபர் முதலாம் திகதி தொடக்கம் தடைசெய்தது. அதற்கு மாற்றாகப் பரிந்துரைக்கப்படுவன டொக்வுட், ரெட்பட் போன்ற சுதேச மரங்களே.

மக்னோலியாவின் அரசியல் வரலாறும் இங்குக் குறிப்பிடத்தக்கது. அடிமைமுறையைக் காக்கவே ஒன்றியத்தினின்று பிரிந்த மிசிசிப்பி மாநிலம் 1861 இல் ஏற்றிய கொடியில் மக்னோலியா மரமே பொறிக்கப்பட்டிருந்தது. 1894 இல் ஏற்கப்பட்ட பிறிதொரு கொடி, அடிமை உடைமையாளரின் போர்ச்சின்னத்தைத் தன் மூலையிற் கொண்டிருந்தது. இனவெறிக்கெதிரான பேரெழுச்சி நிகழ்ந்த 2020 இல் அக்கொடி அகற்றப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்த புதிய கொடியின் நடுவே மலர்ந்திருப்பது மக்னோலியாப் பூ. பிரிவினையின் கொடியில் நின்ற மரமும், அதன் சின்னத்தை நீக்கிய கொடியில் நிற்கும் மலரும் ஒன்றே. இயற்கைப் பொருளுக்கு நிலையான அரசியற் பொருள் ஏதுமில்லை. மனிதர் தம் போராட்டங்களின் ஊடாகவே அதனை வழங்குகின்றனர், மாற்றியும் அமைக்கின்றனர்.

முடிவுரை

இவ்வரலாற்றை எம் சூழலில் வைத்து நோக்குதல் தகும். பேராதனைப் பூங்கா 1821 இலும், ஹக்கலைப் பூங்கா சிங்கோனாச் செய்கையின் பொருட்டு 1861 இலும் நிறுவப்பட்டன. அவற்றின் பணிப்பாளர்களது பெயர்களை நூல்கள் தருகின்றன. மண்சுமந்தோரின் பெயர்களைத் தரவில்லை. மலைச்சரிவுகளின் தேயிலை நிரைகளைச் சுற்றுலாப் பயணிகள் பசுங்கம்பளம் எனப் புகழ்கின்றனர். அக்கம்பளத்தை நெய்தோர், 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டனர். 'தோட்டக்காட்டார்' என்னும் இழிவுரையை அவர்கள்மீது சுமத்தியோர் பிறர் மட்டுமல்லர். தமிழராகிய நாமுமே என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

அமெரிக்க அடிமைமுறையும் இலங்கைத் தோட்டத் தொழில் முறையும் ஒன்றல்ல. அவற்றைச் சமன்செய்தல் ஆய்வு நேர்மையாகாது. எனினும் அங்குள்ள ஆய்வாளர் அண்மைப் பதிற்றாண்டுகளிற் செய்துவரும் பணி எமக்கு வழிகாட்டக் கூடியது. சொத்துப்பட்டியல்களிலிருந்தும் கணக்குப் புத்தகங்களிலிருந்தும் அவர்கள் உழைத்தோரின் பெயர்களைத் தேடி எடுக்கின்றனர். மிடில்டன் பிளேஸ், ஓக் அலி போன்ற இடங்களிலேயே அப்பெயர்கள் இன்று பயணிகளின் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. எம் தோட்டங்களின் செக்றோல்களும், பிறப்பு இறப்புப் பதிவுகளும், முதியோரின் வாய்மொழி நினைவுகளும் அவ்வாறே தேடப்படல் வேண்டும். அவற்றுட் பல செல்லரித்தும் கைவிடப்பட்டும் அழிந்து வருகின்றன. பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் இப்பணியை மேற்கொள்வாராயின், செண்பகத்தின் கீழ் நிற்கும்போது அதனை நட்டவரின் பெயரையும் எம்மாற் சொல்ல இயலும்.